அவள் பயந்தது பொய்யில்லை

போன மாதம் என் அண்ணன் மகள் கைப்பேசியை நீட்டி, "அத்தை, இந்த ஒரு அத்தியாயம் மட்டும் படிச்சுப் பாருங்களேன்" என்றாள். இருபது வயதுப் பிள்ளை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஓநாயாக உருமாறும் ஒருவனுக்கும் ஒரு மாணவிக்கும் நடக்கும் காதல் கதை அது. அந்த அத்தியாயத்தில் விடியற்காலை 3 மணிக்கு அவன் அவளுடைய அறைச் சன்னலுக்கு வெளியே நின்று, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் திடுக்கிட்டு விழிக்கிறாள். தொண்டை வறண்டு கத்தக்கூட முடியவில்லை. இரண்டு பக்கம் தள்ளி அவன் தன் காதலைச் சொன்னதும், இவனைப் பார்த்தா பயந்தேன் என்று அவள் தன்னையே கடிந்துகொள்கிறாள். "எவ்வளவு லவ் பாருங்க அத்தை!" என்றாள் மருமகள்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மனத்தில் இருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இந்த நாவல்களைத் திட்ட வந்தவள் இல்லை நான். மர்மக் காதல், அமானுஷ்யக் காதல் இரண்டையும் முப்பது வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். மலேசியாவில், பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். சம்பளம் போட்ட வாரம் ஜார்ஜ்டவுனுக்குப் போனால், லெபோ பாசாரில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல்களில் இரண்டு மூன்றாவது வாங்காமல் திரும்பமாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் அட்டை ஓரம் மடங்கியிருக்கும், கடையின் ஊதுபத்தி வாடை தாளில் ஏறியிருக்கும். பஸ்ஸில் ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் கைக்குப் போகும். பத்துப் பேர் கை மாறி என்னிடம் திரும்பும்போது நடுத்தாள் பிய்ந்திருக்கும். மலாய்த் தோழிகள் விடமாட்டார்கள், அவர்களுக்கு மலாயில் கதை சொல்லியாக வேண்டும். பேய் வரும் இடத்தில் பஸ்ஸே அமைதியாகிவிடும்.

இதையெல்லாம் குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போனதில்லை. முடிவு தெரிந்த கதையில் என்ன மர்மம் வேண்டிக்கிடக்கிறது என்பார்கள். 1980-இல் தொடங்கிய அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் ஒரு நாவலைக் காதல் நாவல் என்று சொல்ல இரண்டே அடையாளங்களைத்தான் வைத்தது: காதல் கதையின் நடுவில் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆமாம், முடிவு நமக்குத் தெரியும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால்தானே கிணற்றின் அடிமட்டம்வரை இறங்க மனம் வரும்? கொலை, கடத்தல், பூட்டிய அறை, செத்தவர் குரல் என்று எழுத்தாளர் எங்கே கூட்டிப்போனாலும் நாமும் பின்னால் போகிறோம். வாய்விட்டுச் சொல்ல முடியாத பயங்களை நாங்கள் இப்படித்தான் பக்கம் பக்கமாகப் படித்தோம். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன், இவர்களெல்லாம் யார்? இந்த ஆள் இரவில் எங்கே போய்வருகிறான்? நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நல்ல மர்மக் காதல் நாவலின் அடியில் ஓடுவது இந்தக் கேள்விகள்தான்.

அதனால்தான் எனக்கு வலிக்கிறது. நாயகி பயந்ததைக் கடைசியில் பொய்யாக்கிவிடும் நாவல்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவன் பின்தொடர்வான், அவள் கைப்பேசியைத் திறந்து பார்ப்பான், கன்னத்தில் அறைவான், கட்டாயத் தாலி கட்டுவான். பார்த்தால், அவளைக் கொல்லத் துடிக்கும் வேறொருவனிடமிருந்து காப்பாற்றத்தான் அத்தனையும் செய்தானாம். வில்லன் வேறு ஆள் என்று தெரிந்ததும் இவன் கொடுத்த அறையெல்லாம் அன்புக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஓநாய்க் கதைகளில் இதற்கு 'விதித்த துணை' என்று ஒரு பெயர் இருக்கிறது. இவளுக்கு இவன் என்று பிறவியிலேயே எழுதியாகிவிட்டது, வாசனையிலேயே கண்டுகொள்வான், அவள் வேண்டாம் என்றால் அது அவளுடைய அறியாமை. 2005-இல் வந்த ட்வைலைட் நாவலிலும் ரத்தக்காட்டேரி நாயகன் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்க்கிறான். அதையும் காதலாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நானும் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்காமல்தான் படித்தேன். அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை வியர்த்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

1998. எனக்கு 21 வயது. இரண்டாவது ஷிப்ட் முடிந்து, பஸ் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையில் என்னை இறக்கிவிடும்போது இரவு 11:30 தாண்டியிருக்கும். அங்கிருந்து நீளமான ஒரு லோரோங் (சந்து), அதன் கோடியில் எங்கள் வீடு. முனையில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பான். பக்கத்துத் தாமான் ஆள், கோயிலில் ஒன்றிரண்டு முறை பார்த்த முகம். ஒரு வார்த்தை பேசமாட்டான். நான் நடக்க ஆரம்பித்ததும் எஞ்சினைக் கிளப்பி, விளக்கைப் போடாமல், என் நடைக்குச் சரியாகப் பின்னால் உருட்டிக்கொண்டு வருவான். சைலன்ஸர் ஓட்டையான மோட்டார் அது. நான் நின்றால் அதுவும் நின்று இருமிக்கொண்டிருக்கும். நான் நடந்தால் அதுவும் நகரும். நான் கேட்டைப் பூட்டும்வரை எதிர்ப்பக்கம் நிற்பான். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். சத்தத்தை வைத்தே அவன் எத்தனை அடி தள்ளி வருகிறான் என்று சொல்லிவிடுவேன், அப்படிப் பழகிவிட்டது காது.

அம்மாவிடம் சொன்னேன். "நீ சிரிச்சிருப்ப" என்றார். பக்கத்து சீட் தோழி, "ஆசைப்படறான், பேசத்தான் தைரியம் வரல, பாவம்" என்றாள். அண்ணன் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், தொட்டானா, மிரட்டினானா என்று இரண்டே கேள்வி கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். அப்புறம் என்ன புகார் எழுதுவது என்று பேனாவை மூடிவிட்டார்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத இடம் வேறு. அந்த வாரம் என் பையில் இருந்த நாவலிலும் நாயகன் இதையேதான் செய்துகொண்டிருந்தான். பேசாமல் பின்தொடர்ந்தான், தூரத்தில் நின்று பார்த்தான், அவள் மனம் கரைந்தது. ஓர் இரவு பாயில் படுத்துக்கொண்டு யோசித்தேன்: இதுவும் காதல்தானோ, நான்தான் கிறுக்குத்தனமாகப் பயப்படுகிறேனோ? வயிற்றைப் பிசையும் பயம் ஒன்று சொன்னது. படித்த கதை வேறொன்று சொன்னது. கதையை நம்பப் பார்த்தேன்.

என்னை நம்பியவர் ஒருவர்தான், பஸ் ஓட்டிய பாக்சிக் (மலாயில் பெரியவரை மாமா என்று கூப்பிடும் சொல்). நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. படியில் இறங்க நான் தயங்குவதைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். ஓர் இரவு நான் இறங்கிய பிறகும் பஸ் நகரவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, மூக்கை லோரோங் பக்கம் திருப்பி, பெரிய விளக்கைப் போட்டார். கடைசி வீட்டுச் சுவர்வரை வெள்ளை வெளிச்சம். ஓரத்தில் மோட்டாரோடு நின்றவன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடியது. கேட்டைப் பூட்டிக் கையசைத்த பிறகே பஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. உள்ளே இருபது பெண்கள் தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்குப் போகக் காத்திருந்தார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. நான் காலை ஷிப்டுக்கு மாறும்வரை தினமும் அப்படித்தான்.

பின்தொடர்ந்து தொல்லை தருவது குற்றம் என்று நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் தனியாக எழுத 2023 ஆகிவிட்டது. 507ஏ பிரிவு, அந்த ஆண்டு மே 31-இல் நடப்புக்கு வந்தது. மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பின்னால் வருவது, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அருகே சுற்றுவது, எந்த வழியிலாவது தொடர்புகொள்ளப் பார்ப்பது எல்லாம் அதில் வருகின்றன. இரண்டு முறை செய்தாலே போதும். அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. தொட்டானா என்ற கேள்வி அதில் இல்லை. பயம் என்ற சொல் இருக்கிறது.

சரி, நல்ல நாவல் இதை எப்படிச் செய்யும்? 1847-இல் வந்த ஜேன் அயர் என்ற ஆங்கில நாவல் இந்த வகையின் மூத்த கதைகளில் ஒன்று. மாடியில் நள்ளிரவுச் சிரிப்பு, தீப்பற்றிய படுக்கை, அது ஒரு வேலைக்காரியின் சேட்டை என்று வீட்டின் எஜமானர் சொல்லும் சமாதானம். ஜேனின் சந்தேகம், அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் நடக்கவிருந்த அன்று உண்மையாகிறது. அவருடைய மனைவி அதே வீட்டு மாடியில் அடைபட்டிருக்கிறாள். ஜேன் அவரை உயிராக நேசிக்கிறாள், ஆனாலும் விடியுமுன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஆவி போல அவர் குரல் தொலைவிலிருந்து மூன்று முறை அவளைக் கூப்பிடுவது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். அவள் தன் காலில் போய் நின்ற பிறகு வருவதால்தான் அந்தக் குரல் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

நம்மிடம் அதைவிட மூத்தது இருக்கிறது. மணிமேகலையை எனக்குப் பள்ளியில் அமுதசுரபிக் கதையாக மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பது வயதுக்குமேல் உரையோடு முழுதாகப் படித்தபோது, பஸ்ஸில் படித்த நாவல்களுக்கெல்லாம் பாட்டி இங்கே உட்கார்ந்திருக்கிறாளே என்று தோன்றியது. இளவரசன் உதயகுமரன் தேரேறி மணிமேகலையைத் துரத்திக்கொண்டு உவவனம் என்ற பூஞ்சோலைக்கு வருகிறான். தோழி சுதமதி அவளைப் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளித்துவைக்கிறாள். பளிங்குச் சுவர் வழியே அவள் உருவம் அவனுக்குத் தெரிகிறது, வாசல் மட்டும் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிச் சுற்றிவருகிறான். உள்ளே நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடி, வெளியே அவளை எடுத்துக்கொள்ள வந்த அரச குமாரன், நகர இடமில்லை. அவன் போன பிறகு அவள் சுதமதியிடம் சொல்வதுதான் எனக்கு உயிர்: தன்னை இகழ்ந்து பேசியவன் என்றும் பாராமல் அந்தப் புதியவன் பின்னால் என் நெஞ்சு போய்விட்டதே, காமத்தின் இயல்பு இதுதானா? பயமும் உண்மை, ஆசையும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை, இந்தக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் அழிக்கவில்லை.

இதில் விதித்த துணையும் உண்டு! முற்பிறவியில் அவன்தான் தன் கணவன் என்று மணிபல்லவத் தீவில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவள் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவம் எடுத்து அவனிடமிருந்து விலகித்தான் நிற்கிறாள். பிறவித் தொடர்பு இருந்ததால் அவளைத் தொட அவனுக்கு உரிமை வந்துவிட்டதாகச் சாத்தனார் ஓர் இடத்திலும் எழுதவில்லை. அவள் எடுத்த உருவத்தைத் தன் மனைவி என்று நினைத்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், இருட்டில் வந்த உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். அவள் அழுகிறாள், அந்த அழுகையும் உண்மை. இவ்வளவு சிக்கலான ஒரு பெண்ணை எங்கள் மாத நாவல்கள் ஏன் எங்களுக்குத் தரவில்லை?

அமானுஷ்யக் கதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு தனி வேண்டுகோள் உண்டு. ஓநாயும் ரத்தக்காட்டேரியும் போதும், இந்த மண்ணிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேயின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். பிரசவத்தில் செத்த பெண், வாழை மரம், கெம்போஜாப் பூ (ஈழத்தலரி) வாசம். பிடரியில் ஆணியை அடித்துவிட்டால் அழகான மனைவியாகிவிடுவாள், ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பேய். சின்ன வயதில் பாட்டி தோட்டத்து லயத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது பேயை நினைத்துப் பயந்தேன். இப்போது அந்த ஆணியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆணியோடு சமைத்து, ஆணியோடு பிள்ளை வளர்த்தவளின் பக்கம் நின்று ஒரு நாவல் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

பழையனூர் நீலியும் அப்படித்தான். பொய் அழுகைக்கு நீலிக்கண்ணீர் என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் அந்த நீலி? முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்டவள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் தேடி வந்தவள். அவள் வஞ்சம் தீர்த்ததும், அந்த வணிகனின் உயிருக்குப் பிணையாகக் கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீப்பாய்ந்ததும் கதையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் முதலில் சிந்தியது அவளுடைய ரத்தம். அந்தக் கண்ணீரைப் போய்ப் பொய் என்கிறோமே, எனக்கு மனம் கேட்கவில்லை.

மருமகளிடம் மோட்டார்க் கதையைப் போன வாரம் சொன்னேன். இத்தனை வருடத்தில் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், "அந்த பாக்சிக் பேர் என்ன அத்தை?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் பாக்சிக் என்றுதான் கூப்பிட்டோம்.

நாயகன் ஓநாயாக இருக்கட்டும், ஆவியாக இருக்கட்டும், துப்பறிகிறவனாக இருக்கட்டும். பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னதும், காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் விளக்கைப் போடுகிறவனாக ஒருவன் வரும் நாவல் உங்களுக்குத் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் எதுவானாலும் சரி. பிள்ளைக்கு அடுத்த மாதம் செமஸ்டர் விடுமுறை வருகிறது, இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம் என்று இருக்கிறோம்.