சுண்டுவிரல் அடித்த ‘ஏ’

இருபத்தொரு நாளில் ஆளே மாறிவிடலாம் என்று தினம் ஒரு வீடியோ வந்து விழுகிறது. பார்க்கும்போதெல்லாம் என் இடது கை சுண்டுவிரல் ஞாபகம்தான் வருகிறது.

1994. பிளஸ் டூ முடித்த கையோடு அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். காலை ஆறு மணி பேட்ச். மாஸ்டர் கொடுத்தது ஒரே வரி: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தாள் நிறைய அதுவே. மறுநாளும் அதுவே. பக்கத்து மெஷினில் ஹையர் என்கிற மேல்நிலைப் பரீட்சைக்குப் படிக்கிற அக்கா மழை கொட்டுகிற மாதிரி அடிப்பார். எனக்கு அழுகையாக வரும்.

அந்தக் காலத்து மெஷினில் விரலுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவுதான் மை. முற்றுப்புள்ளியை ஓங்கிக் குத்தினால் தாளில் ஓட்டையே விழும். சுண்டுவிரல் அடிக்கிற ‘ஏ’ மட்டும் பாதி உயிரோடு விழும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும், ‘எஸ்’ அடிக்க வேண்டிய மோதிர விரலால் ‘ஏ’யையும் தட்டிவிடுவது. பளிச்சென்று விழுந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

லோயர் என்கிற கீழ்நிலைப் பரீட்சையில் ஸ்பீடு பேப்பருக்குப் பத்து நிமிடம். நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு, ஆக மொத்தம் 1,500 தட்டு. ‘ஏ’யும் ‘எஸ்’ஸும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் என் மோதிர விரல் ஒரே ஆளாக இரண்டு வீட்டுக்குக் காவல் காத்தது. பெல் அடித்தபோது கடைசிப் பாரா அப்படியே மிச்சம். ஃபெயில்.

இதில் கவனிக்க வேண்டியது, நான் சோம்பேறியாக இருக்கவில்லை. ஒருநாள் லீவு போட்டதில்லை. மார்கழிக் குளிரில் மஃப்ளர் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனவன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். நகரும்தான். எந்தப் பக்கம் நகர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விடாமுயற்சியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான். தப்பை விடாமல் செய்தால் தப்பு நன்றாக ஊறிவிடும். புதிதாகக் கற்பதைவிட, ஊறினதை வெளியே எடுப்பதுதான் கஷ்டம்.

மாஸ்டர் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இரண்டு கையையும் மூடினார். “முதல் வரியிலேர்ந்து ஆரம்பி தம்பி. மெதுவா. வேகத்தை நீ தேடாதே.” புதிதாகச் சேர்ந்த பொடியன்களோடு உட்கார்ந்து மறுபடியும் ஏ எஸ் டி எஃப். வெட்கம் இரண்டு வாரம் இருந்தது. விரல் வலி இரண்டு மாதம். வேகம் என்றைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. அடுத்த பரீட்சையில் அடித்து முடித்துத் தலையைத் தூக்கினால் இன்னும் நேரம் இருந்தது.

இப்போது மகள் குரூப் 4-க்குப் படிக்கிறாள். டைப்பிஸ்ட் வேலையும் பார்க்கலாமே என்று போன மாதம் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். நேற்று ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் எறிந்தாள். “இந்த ‘ஏ’ மட்டும் சரியாவே விழ மாட்டேங்குதுப்பா.”

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். வரிக்கு வரி மங்கலாகத்தான் இருந்தது. சுண்டுவிரலில்தான் அடித்திருக்கிறாள்.