வெங்காயத்துக்கே பட்டறை போடுகிறோம்

கச்சா எண்ணெய் போல இயற்கை எரிவாயுவையும் அரசே சேமித்து வைக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதை முழுதாக ஏற்கிறேன். எங்கள் பொங்கலூர்ப் பக்கம் விலை இறங்கினால் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது குவித்துச் சேமித்து வைப்போம். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் பாறைக் குகைகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்க இடம் இருக்கிறது. எரிவாயுவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தேவையில் ஏறக்குறைய பாதி, குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் வருகிறது. எண்ணூர் போன்ற இறக்குமதி முனையங்களில் மைனஸ் 162 டிகிரியில் வைத்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மாதக்கணக்கில் காக்க எரிவாயு எடுத்து வற்றிப்போன நிலத்தடி வயல்கள்தான் சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2022ல், நவம்பருக்குள் கிடங்குகளை 80 சதவீதம் நிரப்பச் சொல்லிச் சட்டமே போட்டது.

அப்புறம், குழாய்களைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அது எங்களுக்கு ஒரு வரி விஷயம் இல்லை. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குழாயை கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்ட விளைநிலங்கள் வழியாகத் திட்டமிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013ல் தமிழக அரசு சொன்னது. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தென்னையை நம்பியிருப்பவர் என்ன செய்வார்? குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1962ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தருவது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். கிடங்குக் கொள்கை எழுதும்போது அந்தச் சட்டத்தையும் திருத்துங்கள்.