செங்கோட்டை வீட்டுச் சுவருக்கு எந்த கிரேஜ்?

அண்ணன் வீட்டு முன்னறைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஷேடு கார்டில் கழித்தது போக மிச்சம் இரண்டு நிறம். இரண்டுமே சந்தனமும் சாம்பலும் கலந்த கிரேஜ். "ரெண்டும் ஒண்ணுதானே" என்பது அண்ணன் கட்சி. இல்லவே இல்லை என்கிறார் மதினி. நான் மதினி பக்கம்.

காரணம், தரை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. இங்கேயும் சரி, மலைக்கு அந்தப்பக்கம் புனலூரிலும் சரி, பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரையை இன்றும் பார்க்கலாம். அண்ணன் வீட்டிலும் அதுதான். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து, சிவப்பை வாங்கிக்கொண்டுதான் சுவருக்கு ஏறும்.

மதினி இரண்டு சாம்பிளையும் சார்ட் அட்டையில், ஓரத்தில் வெள்ளை தெரியாமல், ரெண்டு கோட் அடித்துக் காயவைத்தார். சுவரடியில் சாய்த்ததுமே ரோஸ் சாயல் உள்ளது பிளாஸ்திரி நிறத்துக்குப் போய்விட்டது. அதையே தலை உயரத்துக்குத் தூக்கினால் பழையபடி சந்தனம்! பச்சைச் சாயல் உள்ளது மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி நின்றது. சிவப்பை அடக்கப் பச்சையால் முடியும்.

எல்.ஆர்.வி. எண்ணைப் பார்த்து எடுக்கலாமே என்பார்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்ற கணக்கு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. அமெரிக்காவில் ஷெர்வின் வில்லியம்ஸ் பெயிண்ட் கம்பெனியின் ஷேடுகளில் அக்ரீயபிள் கிரேயா, ஆக்சஸிபிள் பெய்ஜா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒன்றுக்கு 60, மற்றதற்கு 58. எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒன்று சாம்பல் பக்கம் சாயும், மற்றது சந்தனம் பக்கம். அறை இருட்டா என்பதற்கு அந்த எண் உதவும். சாயலை அட்டைதான் காட்டும்.

இன்னொன்று, பங்குனி வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஆனி, ஆடியில் பகலே மூட்டம்தான். அந்த வெளிச்சத்தில் நீலம் கூடுதல், சாம்பல் தூக்கலான நிறம் சோர்ந்துவிடும். அதனால் பச்சைச் சாயலிலேயே ஒரு படி வெளுப்பானதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாலு சுவரிலும் ஏறியபிறகு எந்த நிறமும் கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத்தான் தெரியும்.

ராத்திரி வெளிச்சம் பாக்கி. அந்த அறையில் இப்போது இருப்பது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. அதை மாற்றாமல் எந்த கிரேஜ் அடித்தாலும் ஆஸ்பத்திரி வராந்தாதான். மஞ்சள் சாயும் 3000 கெல்வின் பல்பு ஒன்று வாங்கி மாட்டி, இரண்டு அட்டையையும் அண்ணன் ஒருதரம் பார்க்கட்டும். அதற்குப் பிறகு பெயிண்டர் அண்ணாச்சிக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.