கீயைப் படிக்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்

அறுவடை மெஷின் புக் செய்யும் அந்தச் செயலியில், போனில் ஊர்ப் பெயரை அடித்தால் அப்படி ஊரே இல்லை என்று வருகிறது. அந்த விவகாரத்தில் இனி வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். அதை எழுதியவரே வந்து, "விண்டோஸ்ல நல்லாத்தானே ஓடுது, இங்கிலீஷ்ல டைப் பண்ணச் சொல்லுங்க" என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சார், போனில் இங்கிலீஷில் அடித்தாலும் ஓடாது. ஊர் தேடும் பெட்டியில் நீங்கள், ஒரு பட்டனை அழுத்தியதும் எழும் கீடவுன் நிகழ்வில் வரும் கீகோடு எண்ணை, அதாவது அந்தப் பட்டனின் எண்ணை, எடுத்து அதையே எழுத்தாக மாற்றுகிறீர்கள். ஆண்ட்ராய்டு குரோமில் பெரும்பாலான தொடுதிரைக் கீபோர்டுகளில் எந்த எழுத்தைத் தொட்டாலும் அங்கே வருவது 229 என்ற ஒரே எண். 'எழுத்து என் கையில் இல்லை, கீபோர்டு செயலியிடம் இருக்கிறது' என்றுதான் அதற்கு அர்த்தம். உங்கள் நிரல் அந்த 229-ஐ எழுத்தாக்கி, தலையில் வட்டம் வைத்த ஓர் ஐரோப்பிய எழுத்தைத் தேடுகிறது. அந்த எழுத்தில் தொடங்கும் ஊர் டெல்டாவில் எங்கே இருக்கிறது?

எங்கள் பெரியப்பா போனை என்னிடம் நீட்டி, "நீடாமங்கலம்னு அடிச்சா அப்படி ஊரே இல்லைங்குதுடா" என்றார். சம்பா முற்றி நிற்கிறது, ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் தனக்குத்தான் போன் பார்க்கத் தெரியவில்லையோ என்று கூச்சப்பட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

விண்டோஸில் ஓடுகிறது என்பதும் அரைகுறைதான். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் 'ந' இருப்பது இங்கிலீஷ் கீபோர்டின் செமிகோலன் பட்டனில். 'ச' இருப்பது சதுர அடைப்புக்குறியில். கீயைப் பார்த்து எழுத்தைச் சொல்லவே முடியாது. விண்டோஸ் இதற்காகவே கீக்கு டபிள்யூஎம்-கீடவுன், எழுத்துக்கு டபிள்யூஎம்-சார் என்று இரண்டு செய்திகளைத் தனித்தனியாக அனுப்புகிறது. மேக்கில் எழுத்து இன்செர்ட்டெக்ஸ்ட் என்ற தனி வழியாக வருகிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் நடுவில் நின்று எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. எல்லோரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: கீ வேறு, எழுத்து வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது, பெட்டியில் எழுத்து மாறும்போது வரும் இன்புட் நிகழ்வைக் கேட்டு, பெட்டியில் இருப்பதை அப்படியே படிப்பது. அவ்வளவுதான். என்டர் தட்டும் இடத்தில் மட்டும், எழுத்து இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறதா என்று சொல்லும் இஸ்கம்போசிங் பாருங்கள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் அதை முழுசாக நம்ப முடியாது, அங்கே கூடவே 229-ஐயும் பார்க்கலாம்.

"சின்ன டீம், பாவம்" என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். "குரலில் சொல்லிவிட்டுப் போகலாமே" என்கிறார்கள். மெஷின் ஓடும் வயல் வரப்பில் நின்று யாராவது சொல்லிப் பாருங்கள். "கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு கோடிங் சொல்லித் தருகிறாயா" என்று ஒருவர் கேட்டதுதான் உறுத்துகிறது. ஆமாம், கும்பகோணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். வெளியிடுவதற்கு முன்னால் இவர்களில் ஒருவர் கையில் போனைக் கொடுத்து ஊர்ப் பெயரை அடிக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஏன் யாரும் கேட்கவில்லை?