பிடுங்கிச் செருகினால் எண் மாறிவிடும்!

கம்ப்யூட்டரில் (ஹோஸ்ட்) செருகிய யூஎஸ்பி சாதனத்தை, அதற்குள் ஓடும் விஎம்முக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு (கெஸ்ட்), கொடுக்க வேண்டும். கையில் எஃப்டிடிஐ சிப் வைத்த யூஎஸ்பி சீரியல் கேபிள் ரெண்டு. ரெண்டுக்கும் ஒரே அடையாளம், 0403:6001 (வெண்டர் எண், புராடக்ட் எண்). விஎம்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் யூஎஸ்பி பட்டியலைத் திறந்தால் 003:007, 003:008 (பஸ் எண், டிவைஸ் எண்) என்று ரெண்டு வரி, ஒரே பெயர். எது ஸ்விட்ச்சுக்குப் போகிறது, எது யூபிஎஸ்ஸுக்கு? எப்படிக் கண்டுபிடிப்பது? சிப்புக்குள் தனித்தனி சீரியல் எண் இருந்தாலும் பட்டியலில் அது வராது.

வெண்டர், புராடக்ட் எண்ணை மட்டும் விஎம்மின் அமைப்பு ஃபைலான எக்ஸ்எம்எல்லில் எழுதினால் ஒரே மாதிரி பல சாதனங்கள் இருக்கின்றன, முகவரி கொடு என்கிறது, விர்ட்-மேனேஜருக்கு அடியில் வேலை செய்யும் லிப்விர்ட். சரி, பஸ் 3, டிவைஸ் 7 என்று கொடுத்தாயிற்று. கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினால் 7 போய் 12 ஆகிவிடும். அப்புறம் அந்த முகவரி எதற்கு? விஎம்மில் அது தானாகத் திரும்ப வராது. மறுபடி டிடாச் (கழற்று), மறுபடி அட்டாச் (மாட்டு).

அர்டுயினோ லியோனார்டோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இதைவிடக் கொடுமை. ஓடும்போது 2341:8036. புரோகிராம் ஏற்றும்போது பூட்லோடருக்கு (புது புரோகிராமை வாங்கிக்கொள்ளும் சின்ன புரோகிராம்) போய் 2341:0036 ஆகிவிடும். விஎம்முக்குக் கொடுத்தது முதல் எண். ஆக, ஏற்றுகிற அந்தச் சில நொடியில் போர்டு ஹோஸ்ட் பக்கம் போய் நிற்கும், உள்ளே அப்லோட் போர்ட்டைத் தேடித் தேடி எர்ரர் அடிக்கும்.

டிஸ்க் கதையும் இதேதான். எக்ஸ்எம்எல்லில் டிஸ்க்குக்கு விடிபி (vdb) என்று பெயர் எழுதினாலும் கெஸ்டுக்குள் அதே பெயர் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. க்யூ35 வகை விஎம்மில் காலி ரூட் போர்ட் (பிசிஐ சாதனம் மாட்டும் இடம்) தீர்ந்துவிட்டால் இந்த மாதிரி டிஸ்க்குக்கு ஹாட்பிளக்கே, அதாவது ஓடும்போதே மாட்டுவதே, நடக்காது. புது ரூட் போர்ட் சேர்க்க விஎம்மை அணைக்க வேண்டும். அணைக்காமல் சேர்க்கத்தானே ஹாட்பிளக்?