"அண்ணே, ஒரு செட்டு குடுங்க"

மெடிக்கல் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதிகம் காதில் விழுவது இதுதான். காய்ச்சலா, சளியா, உடம்பு வலியா, எதுவானாலும் ஒரு செட்டு. மூன்று வேளைக்கு மூன்று பொட்டலம், ஒவ்வொன்றிலும் நாலைந்து உதிரி மாத்திரை. அட்டை கிடையாது, பெயர் கிடையாது, எக்ஸ்பைரி தேதியும் கிடையாது.

நானும் கொடுத்தவன்தான். டி.ஃபார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பை முடித்து முதலில் சேர்ந்த கடையில், காலையில் போனதும் அட்டைகளைப் பிரித்து டப்பா டப்பாவாகக் கொட்டி வைப்பதுதான் என் வேலை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், சளிக்கு செட்ரிசின், வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு ரானிடிடின். கடைசி டப்பாவில் இருப்பது மட்டும் பொடிசாக இருக்கும். டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. "அதையும் ஒண்ணு போடுடா. போட்டாத்தான் நாளைக்கும் நம்ம கடைக்கு வருவாங்க" என்பார் ஓனர். வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் பூக்கட்டும் அக்கா ஒருவர். மூட்டுவலிக்கு வாரத்தில் இரண்டு தடவையாவது செட்டு வாங்குவார். சர்க்கரை இருக்கிறதா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருநாள் அவர் மகள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து நின்றாள். சர்க்கரை நானூறைத் தாண்டி அம்மாவை அட்மிட் செய்திருக்கிறார்களாம். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேக்கிறாரு, பேரு எழுதிக் குடுங்கண்ணே" என்றாள். ஓனர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளிடம், "சாதாரண வலி மாத்திரைதாம்மா" என்றார்.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதும், நாள்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அதுவே ஆபத்து என்பதும் படித்த எனக்குத் தெரியும். அந்த டாக்டருக்கு அந்தப் பெயர் எவ்வளவு தேவை என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

மருந்துக்கடைத் தரம் என்றால் ஏ.சி., கண்ணாடி ஷெல்ஃப், கம்ப்யூட்டர் பில் என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், மாத்திரை கைமாறும்போது அதன் பெயரும் கூடவே போகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரம் வந்ததே, நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் இருந்தது, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் குழந்தைகள் இறந்துபோனார்கள். எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் நம்பர் வெளியே வந்ததும் கடைக்காரர்கள் ஷெல்ஃபைத் துழாவினோம், பாட்டில் வைத்திருந்தவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்த்தார்கள். செட்டில் போன மாத்திரைக்கு நாளைக்கு இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் எதைத் திருப்பிப் பார்ப்பது?

சட்டத்தில் குறையில்லை. செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி, ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. செட்டுக்குள் செஃபிக்ஸிம் போடும் கடையில் அந்த நோட்டில் யார் பெயரை எழுதுவார்கள்? (சுவரில் மாட்டியிருக்கும் சர்டிஃபிகேட்டுக்குச் சொந்தக்காரரான பார்மசிஸ்ட் கடைக்குள் இருக்கிறாரா என்பது வேறு கதை. சர்டிஃபிகேட்டை மட்டும் மாட்டி வைக்க மாத வாடகையே உண்டு.)

வாங்குகிறவர்களை நான் திட்ட மாட்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் மலிவு என்று மட்டும் சொல்லாதீர்கள். பாராசிட்டமால் 650 பதினைந்து மாத்திரை உள்ள முழு அட்டையே முப்பது ரூபாய் சுற்றித்தான். கடைக்காரருக்குச் செட்டில்தான் லாபம், ஏனென்றால் உதிரி மாத்திரைக்கு எம்.ஆர்.பி. என்ன என்று யாரும் கேட்க முடியாது.

இப்போது சொந்தக் கடை. செட்டு கிடையாது. இரண்டு மாத்திரை போதும் என்பவருக்கு, எக்ஸ்பைரியும் பேட்சும் அச்சடித்த ஓரத்தை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து வெட்டி, கவரில் பெயர், பேட்ச், தேதி மூன்றையும் எழுதித் தருகிறேன். அரை நிமிட வேலை. வியாபாரம் குறைந்தது உண்மை.

நேற்று ராத்திரி ஒரு லோடுமேன் தம்பி, நல்ல காய்ச்சலோடு வந்தார். சர்க்கரை, பிரஷர், வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டேன். "எதிர்க்கடைல இதெல்லாம் கேக்கவே மாட்டாங்கண்ணே" என்று சிரித்தார். பாராசிட்டமால் நாலு வெட்டிக் கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றுதான் என்று சொன்னேன். எட்டு ரூபாய் கொடுத்துவிட்டு, கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். நேராக எதிர்க்கடைக்கு. அங்கே பொட்டலம் மடிப்பது என் கல்லாவிலிருந்தே தெரிந்தது. அதிலும் பாராசிட்டமால் இருக்கும். "தம்பி!" என்று கத்தினேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே குறுக்கே போனது, அவருக்குக் கேட்கவில்லை.