வேட்டைக்காரர்கள் வாங்கிக் கொடுத்த சதுப்பு நிலம்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை விடிகாலை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இருக்கும் பாம்பே ஹுக் பறவைகள் சரணாலயத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். (நம் பம்பாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'சின்ன மரங்கள் உள்ள முனை' என்று பொருள்படும் பழைய டச்சுப் பெயர் மருவி இப்படி ஆகிவிட்டது.) மண்சாலையில் காரை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கினால் குளம் முழுக்க வெள்ளை. அதற்குள் பனி விழுந்துவிட்டதா என்று மகள் கேட்டாள். அப்போது ஒரு கழுகு தாழப் பறந்து வந்தது. அந்த வெள்ளை அப்படியே எழும்பியது. ஆயிரக்கணக்கில் பனிவாத்துகள், ஆர்க்டிக்கிலிருந்து குளிர்காலத்துக்காக இறங்கி வந்தவை. இறக்கைச் சத்தத்தில் கார்க் கதவு அதிர்ந்தது கைக்குத் தெரிந்தது.

அன்று நான் பார்த்த இன்னொன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நுழைவுக் கட்டணம் கட்டும் இடத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் பணம் எடுக்கவில்லை. பர்ஸிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். வாத்து ஓவியம், அதன் மேல் குறுக்காகப் பேனாவில் அவர் கையெழுத்து. என்ன இது என்று கேட்டேன். டக் ஸ்டாம்ப் என்றார். வாத்து வேட்டைக்குப் போகிறவராம், அன்று பேத்திக்குப் பறவை காட்ட வந்திருக்கிறார். "இந்த இடத்தை வாங்கினதே இந்த ஸ்டாம்ப் காசுலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

1930களில் அமெரிக்காவில் கடும் வறட்சி. அதற்கு முன்பே விவசாயத்துக்காகச் சதுப்பு நிலங்களை வடித்துக் காயவைத்திருந்தார்கள். வாத்துகள் கண்ணெதிரே குறைந்தன. வேட்டையைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடமே பாடம் இருந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களைச் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளி, கடைசிப் புறா 1914ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. அந்தப் பழியில் துப்பாக்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

1934ல் சட்டம் வந்தது. 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் வாத்துச் சுட வேண்டுமானால் அந்த வருடத்து ஸ்டாம்பை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஸ்டாம்ப் ஒரு டாலர். அதற்குப் படம் வரைந்தவர் டிங் டார்லிங் என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். புலிட்சர் வாங்கியவர், அவரும் வேட்டைக்காரர்தான். இன்று விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நேராகச் சதுப்பு நிலத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 110 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1937ல் உருவான பாம்பே ஹுக்கும் அப்படி வாங்கியதே. 1679ல் இதே சதுப்பைப் பூர்வகுடித் தலைவர் ஒருவரிடமிருந்து டச்சுக் குடியேறி ஒருவர் வாங்கிய விலையில் ஒரு துப்பாக்கியும் நாலு கை வெடிமருந்தும் அடக்கம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாம்போடு முடியவில்லை. 1937லேயே பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் கலால் வரி (இன்று 11 சதவீதம்) அதன்படி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. 1950ல் தூண்டில் சாமான்கள் மீதான 10 சதவீத வரியையும் அதேபோல மீன்வளத்துக்கு ஒதுக்கினார்கள். தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் கட்டுகிற வரி என்பதால் கடை ரசீதில் தனியாகத் தெரியாது. போன கோடையில் மகனுக்கு ஒரு தூண்டில் வாங்கினேன். அந்த விலைக்குள் எனக்கே தெரியாமல் நானும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சட்டத்தில் போட்டிருக்கும் பூட்டு. பணம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும், ஆனால் வேட்டை லைசென்ஸ் கட்டணத்தை வேறு எதற்கும் எடுக்கமாட்டோம் என்று மாநிலம் முதலில் தானே சட்டம் போட்டிருக்க வேண்டும். ரோடு போட அந்தக் காசைத் தொட்டால் மத்திய அரசின் பங்கு நின்றுவிடும். ஒரு காரணத்துக்கென்று வசூலித்த காசு பொதுக் கஜானாவில் கரைந்து காணாமல் போவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இங்கே ஏறக்குறைய 90 வருடமாக அந்தப் பூட்டு நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு லட்சம் அளவுக்குக் குறைந்திருந்த காட்டு வான்கோழிகள் இன்று 60 லட்சத்தைத் தொட்டதற்கு இந்தப் பணம் பெரிய காரணம். காட்டில் பிடித்து வேறு மாநிலங்களில் கொண்டுபோய் விட்டதெல்லாம் இதில்தான்.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. துப்பாக்கி விற்பனை ஏறினால் வரியும் ஏறும், இன்று அந்த வரியின் பெரும்பகுதி வேட்டைக்கே போகாதவர்கள் வாங்கும் துப்பாக்கிகளிலிருந்து வருகிறது. ஒரு நாட்டின் காடு அதை நம்பி நிற்பது எனக்கு உறுத்துகிறது. அப்புறம், மானுக்கும் வான்கோழிக்கும் வாத்துக்கும் கிடைக்கும் கவனம் தவளைக்கும் தேனீக்கும் கிடைப்பதில்லை. வேட்டைக்காரர்கள் சுட்ட ஈயக் குண்டுகளைத் தின்று வாத்துகள் செத்துக்கொண்டிருந்தன, நீர்ப்பறவை வேட்டைக்கு அதை நாடு முழுக்கத் தடைசெய்ய 1991 ஆயிற்று. இதையெல்லாம் மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தியாவில் வேட்டையைத் திறந்துவிடு என்றும் நான் சொல்லவில்லை. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரியான சட்டம். வேடந்தாங்கல் என்ற பெயரில் வேடன் இருந்தாலும், அந்த ஏரியைக் காத்தது ஊர்க்காரர்கள்தான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம்.

நான் கேட்பது இங்கே என்னைப் போலப் பறவை பார்க்க வருகிறவர்களை. வேட்டைக்காரர்களைப் பற்றி நம் நண்பர்கள் வட்டத்தில் பேச்சு வந்தால் முகம் சுளிக்கிறோம், நானும் சுளித்திருக்கிறேன். ஆனால் நம் பைனாகுலருக்கும் லென்ஸுக்கும் அப்படி ஒரு வரி கிடையாது. 1990களில் பைனாகுலர், முதுகுப்பை, பறவைத் தீனி ஆகியவற்றுக்குச் சின்ன வரி போடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது, நிறைவேறவில்லை. அவர்கள் வாங்கிக் கொடுத்த நிலத்தில் நின்று நாம் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்து வாங்க வேண்டிய ஏக்கரில் நம் காசும் இருக்க வேண்டாமா? வேட்டைக்காரர்கள் தொகை குறைந்தால் பள்ளம் விழப்போவது இந்தச் சதுப்புகளுக்குத்தானே?

ஸ்டாம்ப் வாங்க வேட்டை லைசென்ஸ் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். போஸ்ட் ஆபீஸில் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு "வேட்டைக்குப் போறீங்களா?" என்றார். இல்லை, வாத்துக்காக என்றேன். கேமரா பையின் உள்பையில் பத்திரமாக இருக்கிறது. ஜூன் 30 வரை செல்லும், அதற்குப் பிறகு புது ஸ்டாம்ப். நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருக்கிறவர்கள் வரும் நவம்பரில் பாம்பே ஹுக் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போவோம். வரும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.